மலை முழுக்கக் கேட்ட ரகசிய எண்

மலேசியத் தமிழர்கள் தமிழ்நாட்டுக்குப் போனால் கோயிலுக்குப் போவார்கள், இல்லாவிட்டால் கல்யாணப் புடவை எடுக்கப் போவார்கள். நான் இரண்டுக்கும் போகவில்லை. தாத்தா பிறந்த ஊரைத் தேடியும் போகவில்லை. அது எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாமலே நன்றாகத்தான் இருக்கிறோம். கல்வராயன் மலையில் ஏழு பெண்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

ஈப்போவில் தானியம் இறக்குமதி செய்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். முதலாளி பெயர் லிம். அவருடைய அப்பா காலத்தில் அரிசி மட்டும்தான். இப்போது ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டதால் சாமை, தினை என்று கேட்டு வாங்குகிறார்கள். ஒப்பந்தங்கள் என் பொறுப்பு. கம்பெனியில் பேனா மை வாங்கி வெகுகாலம் ஆகிறது. மின்னஞ்சலில் ஒரு இணைப்பு அனுப்புவேன். எதிர்ப்பக்கத்து ஆள் அதைத் திறந்தால் அவருடைய போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைப் போட்டு, திரையில் விரலால் கையெழுத்துக் கிறுக்கினால் ஒப்பந்தம் முடிந்தது. பினாங்கு ஆனாலும் பாங்காக் ஆனாலும் இதே முறைதான்.

கல்வராயன் மலையில் சாமையும் தேனும் விற்கும் ஒரு பெண்கள் குழு இருக்கிறது. கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அனுப்பினேன். வாங்கி வைத்த தே தாரிக், எங்கள் ஊர் நுரை டீ, ஆறுவதற்குள் ஏழு கையெழுத்தும் வந்துவிட்டன. இந்தியாவில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் வக்கீலம்மா போன் செய்தார்.

கையெழுத்து முடிந்ததும் அந்த இணையதளமே ஒரு சான்று தரும். யாருடைய எண்ணுக்கு ரகசிய எண் போனது, எந்த போனில் கையெழுத்து ஆனது என்று அதில் இருக்கும். ஏழு பேருக்கும் ஒரே எண், ஒரே போன். உற்றுப் பார்த்தால் பெயர்தான் வேறு; விரல் ஒன்று. "ஒன்று, இந்த ஏழு பேர் கிடையாது. இல்லையென்றால், இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இது தெரியாது" என்றார் வக்கீலம்மா.

குழுவின் செயலாளர் எஸ்தரை அழைத்துக் கேட்டேன். கொஞ்சமும் மழுப்பாமல், "நான்தாங்க போட்டேன் மேடம். எல்லாருக்கும் நான்தான் போட்டேன்" என்றாள்.

வக்கீலம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நான் நேரில் போக வேண்டும், ஏழு பேரையும் கேமரா முன்னால் உட்காரவைத்துப் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: பிறர் பெயரில் கையெழுத்துப் போட்ட செயலாளரை மாற்ற வேண்டும். மாற்றினால் ஒப்பந்தம், மாற்றாவிட்டால் சாமையை வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம். இதை அங்கே போய் வாயால் சொல்ல வேண்டியதும் என் வேலை. எனக்கு அதில் அப்போது ஒரு தயக்கமும் இல்லை. தப்புச் செய்தவள் போக வேண்டியதுதானே என்றுதான் நினைத்தேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எஸ்தரே வந்து நின்றாள். முப்பது வயது தாண்டியவள், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, தோளில் கணினிப் பை. தியாகதுருகம் பக்கத்துக் கிராமத்துக்காரி. இந்த வேலைக்காகக் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டவள் என்று போனில் முன்பே சொல்லியிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எப்டி மேடம் கண்டுபுடிச்சேன் பாத்தீங்களா? இந்த ஊர்ல பெட்டிய உருட்டிக்கினு வர்றவங்க கம்மி" என்றாள். உண்மைதான். அந்த நிலையத்தில் பெட்டி உருளுவதற்கு வழியும் கிடையாது.

லாட்ஜில் குளித்துவிட்டு எதிர்க் கடையில் சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாயும் இந்தப் பரோட்டாவும் அக்கா தங்கை என்று சொல்வார்கள். தங்கையை இங்கே இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றி முழுக்காட்டித்தான் இலையில் போடுகிறார்கள். நன்றாக இருந்தது. டீ மட்டும் கட்டைவிரல் உயரக் கிளாஸில் வந்தது. பெரிய கிளாஸில் ஊற்றச் சொன்னேன். மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ்ளோ டீயா? தனியாவா குடிக்கப் போறீங்க?"

"ஆமாம்."

"ஒடம்புக்கு ஆவாதுங்க. இத்த மொதல்ல குடிங்க. அப்பால இன்னொன்னு தரேன்." கடைசிவரை பெரிய கிளாஸ் வரவில்லை. ஒரே அளவு டீயை மூன்று தவணையில் குடித்தேன்.

மறுநாள் ஞாயிறு. எஸ்தர் பூசைக்குப் போக வேண்டும் என்பதால் மலை ஏறுவதைத் திங்களுக்குத் தள்ளினோம். மதியச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்குக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தியாகதுருகத்தில் இறங்கும்போது ஆட்டோவோடு அவள் கணவர் காத்திருந்தார். நெல் அரவை மில்லில் வேலை. வழி முழுக்கக் கோட்டை மலை கூடவே வந்தது. அதன் மேல் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "மேல இன்னாங்க இருக்குது, ஒரே வெயிலு" என்றார்.

இட்லியும் கோழிக் குழம்பும். ஈப்போவில் நான் சாப்பிடும் கோழி எல்லாம் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் செத்த மாதிரி இருக்கும். இந்தக் கோழி கொஞ்சம் ஊர் சுற்றிய கோழி. எலும்பைக் கடித்தால் குழம்பு உள்ளே வரை போயிருந்தது. எஸ்தரின் மாமியார் எதிரில் உட்கார்ந்து எனக்கு எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், அங்கே கர்த்தருக்குக் கோயில் இருக்கிறதா என்று வரிசையாக விசாரித்தார். வீட்டுக்காரர் இல்லை, பிரிந்துவிட்டோம் என்றேன். "அப்ப இன்னும் ஒரு இட்லி வெச்சிக்கோ" என்றார். ஆறுதல் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சாப்பிடும்போதுதான் எஸ்தர் கேட்டாள். "மேடம், அந்தக் கையெழுத்து மேட்டரு ரொம்பப் பெரிய தப்புங்களா?"

"பாக்கலாம்" என்றேன்.

"அவங்கதாங்க போடச் சொன்னாங்க."

"சொன்னா போட்டுடுவீங்களா எஸ்தர்? நாளைக்கு அவங்க நாங்க சொல்லலன்னு சொன்னா?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் கோபம் அப்படி. வந்த வேலையை நினைத்துக்கொண்டால் இன்னும் கூடும். எஸ்தர் குழம்புக் கரண்டியை எடுத்து என் தட்டில் இன்னொரு துண்டு கோழி வைத்தாள். அதை நான் தொடவில்லை. யாருடைய வேலையைப் பிடுங்க வந்தேனோ அவள் கையாலேயே பரிமாறல். வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லிக் கையைக் கழுவினேன். திரும்பும்போது ஆட்டோவில் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

திங்கள் காலை மலைப் பேருந்தில் ஏறினோம். கச்சிராயபாளையம் வரை வயல். அதற்குப் பிறகு வண்டி முனகிக்கொண்டு ஏற ஆரம்பித்தது. எங்கள் ஊர் கேமரன் மலைப்பாதையிலும் இப்படி வளைவுகள் உண்டு. அங்கே பயணிகள் கண்ணை மூடிக்கொண்டு தைலத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். இங்கே வளைவுக்கு வளைவு ஒரு தெரிந்த ஆள் ஏறி, ஒரு பலாப்பழத்தையோ ஒரு குழந்தையையோ யார் மடியிலாவது வைத்துவிட்டுப் போகிறார். என் மடியில் பலாப்பழம் அமைந்தது.

ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த லாரி பக்கவாட்டில் சாய்ந்து, கிழங்கு முழுக்கச் சாலையில் கிடந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி டிரைவர் கல் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊராக இருந்தால் போலீஸ் வரும், படம் எடுப்பார்கள், எல்லோரும் வண்டிக்குள் குளிர்காற்றில் காத்திருப்போம். இங்கே கண்டக்டர் விசில் ஊதி, "எல்லாம் எறங்குங்க. கெழங்க ஓரம் தள்ளுனாதான் வண்டி போவும்" என்றார். இறங்கினோம். நானும் பலாப்பழத்தைச் சீட்டில் வைத்துவிட்டுக் கிழங்கு பொறுக்கினேன்.

"நீங்க வுடுங்கம்மா, கை அழுக்காயிடும்" என்றார் ஒரு பெரியவர்.

"அழுக்கானா கழுவிக்கலாம்."

"எங்க? தண்ணி மேலதான் கீது." சொன்னபடியே மேலே போய்ச் சேரும்வரை கையில் மண். வண்டி புறப்பட்டபோது பாதிப் பயணிகள் மடியில் கிழங்கு இருந்தது. லாரி டிரைவரே கொடுத்தார், தூக்கிவிட்ட கூலி என்று.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வளைவில் இறங்கினோம். அங்கே கோவிந்தனின் டீக்கடை. ஊரில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். கடை மூங்கிலில் வரிசையாக ஆணி அடித்து, பைகளில் போன்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சிலர் வந்து பேசிவிட்டு எடுத்துப் போகிறார்கள், சிலர் மாட்டிவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். எங்கும் போகாமல் எப்போதும் அங்கேயே தொங்கும் போன் ஒன்று உண்டு. அது பெண்கள் குழுவின் போன். ஏழு பேரும் பேங்குக்கு, ரேஷனுக்கு, எல்லாவற்றுக்கும் கொடுத்திருப்பது அந்த ஒரே எண்தான். வீட்டில் ஆளுக்கொரு போன் இருக்கிறது. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், குறுஞ்செய்தி மட்டும் வராது. எங்கள் ஊரில் நம்பர் ஆளுக்கு. இங்கே நம்பர் இடத்துக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோவிந்தன் ஐம்பது வயது ஆள். டீக்கடையோடு கல்யாணங்களுக்கு மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறார். பெரிய புனல் ஸ்பீக்கர் ஒன்று புளியமரத்தில் நிரந்தரமாகக் கட்டியிருந்தது. நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஆணியில் தொங்கிய குழு போன் டிங் என்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார், மைக்கை எடுத்து ஊதினார்.

"ஹலோ, ஹலோ. செல்லம்மாவுக்கு ஓடிபி வந்துகீது. நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ரெண்டு, ஒம்போது. இன்னொரு தபா சொல்றேன்..."

எண் ஒவ்வொன்றும் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. பதறிப்போய், என்ன இது என்று எஸ்தரிடம் கேட்டேன். அவள் விளக்கினாள். இணையம் கம்பி வழியாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு மட்டும் வருகிறது. போன் சிக்னல் இங்கே மட்டும். ஆபீசில் உட்கார்ந்து ஏதாவது சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் ரகசிய எண் இங்கே வந்து விழும். எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் அது காலாவதியாகிவிடும். அதனால் மைக்.

"ஐயா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே எழுதியிருக்கே" என்றேன் கோவிந்தனிடம்.

"நான் யார்கிட்டங்க சொன்னேன்? எதுக்கு வந்ததுன்னு மூச்சு வுடல. நம்பரு மட்டும்தான் சொன்னேன்."

"நம்பர்தானே ரகசியம்?"

"நம்பர வெச்சிக்கினு இங்க எவன் இன்னா பண்ணுவான்? எல்லாம் எனக்கு டீ பாக்கி வெச்சிக்கினு கீறவங்கதான்" என்று சொல்லிவிட்டு, ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருப்பதையும் அதே மைக்கில் அறிவித்தார். என் போனுக்கும் அங்கேதான் சிக்னல் என்பதால், ஒரு ஆணி காட்டி மாட்டிவிட்டுப் போகச் சொன்னார். மாட்டினேன்.

ஏழு பெண்களும் இருந்தார்கள். தலைவி பச்சையம்மா வீட்டு வாசலில் களத்துமேட்டுத் தூசியோடு வந்து உட்கார்ந்தார்கள். பச்சையம்மா அறுபதை நெருங்குபவர், சிரிக்காமலே பேசுபவர். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார். நாங்கள் ஈப்போவில் பளபளப்பான பொட்டலத்தில் விற்கிற அதே சாமைதான். இந்தச் சோற்றைச் சாப்பிட்ட பிறகு, நாங்கள் விற்பது அதன் புகைப்படமோ என்று சந்தேகம் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு நேராகவே கேட்டேன். எஸ்தர் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டது தெரியுமா?

"தெரியாம? நாங்க ஏழு பேரும் சுத்தி உக்காந்துக்கினுதான் இருந்தோம், கோவிந்தன் கடையில. அது படிச்சிது, நாங்க கேட்டோம். மழையில ரோடு சரிஞ்சிபோனா சரக்கு லேட்டாவும், அதுக்கு எங்க மேல குத்தம் சொல்லக் கூடாதுன்னு சண்ட போட்டு எழுதச் சொன்னது யாரு? நாங்கதான். அப்பால நீயே போட்டுரு, எங்க வெரலுக்கு அந்தக் கண்ணாடி பேச மாட்டேங்குதுன்னோம்."

மழை விஷயம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தத் திருத்தம் கேட்டு எஸ்தரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. நான்தான் சேர்த்தேன். யார் கேட்டார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். எஸ்தர் என் படுக்கையை உதறி விரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பஞ்சாயத்து ஆபீசில் கூடினோம். எஸ்தரின் கணினியில் ஈப்போவைக் கூப்பிட்டோம். திரையில் வக்கீலம்மாவும் பக்கத்தில் முதலாளி லிம்மும் தெரிந்தார்கள். லிம் கையில் பன் வைத்திருந்தார். புதிய ஒப்பந்தத்தை எஸ்தர் மறுபடி வரி வரியாகப் படித்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து, பெயர் சொல்லி, ஆதார் அட்டையைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் வெளியே கோவிந்தன் குரலில் எண் வந்தது. வக்கீலம்மா முதல் தடவை அதைக் கேட்டபோது, "அங்கே தேர்தலா?" என்றார். விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விரல்தான் பெரிய பாடு. களை பறித்துக் காய்த்துப்போன விரல்களைத் திரை கண்டுகொள்ளவே இல்லை. செல்லம்மா எழுதிய பெயரில் முதல் எழுத்து மட்டும் விழுந்தது. பச்சையம்மா விரலைப் புடவையில் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்துப் போட்டார். யாரும் யாருக்காகவும் போடவில்லை. காலை முழுக்க அதற்கே போயிற்று. ஏழாவது கையெழுத்து விழுந்ததும் வக்கீலம்மா ஆங்கிலத்தில், "நல்லது. இப்போது நிபந்தனையைச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

இனித் தள்ளிப்போட முடியாது. தமிழில் சொன்னேன். எஸ்தரை மாற்ற வேண்டும், பிறர் பெயரில் கையெழுத்துப் போட்டவர் செயலாளராக இருக்கக் கூடாது என்பது கம்பெனி முடிவு, மாற்றாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. சொல்லும்போது எஸ்தர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை. எஸ்தர் மேசை மேலிருந்த ஆதார் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள்.

பச்சையம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அப்பால பேசலாம். அந்த ரொட்டி துன்னுக்கினு இருக்காரே, அவருதான் மொதலாளியா?"

"ஆமாம்மா."

"அவரு கையெழுத்து?"

"அவரும் போடணும். கடைசியாப் போடுவார்."

"இப்பவே போடச் சொல்லு. நாங்க ஏழு பேரும் மூஞ்சி காட்டிப் போட்டோம். அவரும் எங்க கண்ணு முன்னால போடட்டும். ஒரு பக்கம் மட்டும் தாம்பூலத் தட்டு வெச்சா கல்யாணம் நிச்சயம் ஆவுமா?"

நியாயம்தான். லிம்மிடம் மலாயில் சொன்னேன். அவர் பன்னைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு என்ன தெரியும், எப்போதும் போல நீயே போட்டுவிடு" என்றார்.

வக்கீலம்மா மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"இன்னா சொல்றாரு?" என்றார் பச்சையம்மா.

மலாய் அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருக்கு வேலை இருக்கிறது, பிறகு போடுவார் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. வாய் வரைக்கும் வந்தது. எஸ்தர் அட்டைகளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை, சும்மா பார்த்தாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"எப்பவும் போல நீயே போட்டுடுன்னு சொல்றாரு" என்றேன்.

செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பச்சையம்மா சிரிக்கவில்லை.

"அப்ப உன்னையும் மாத்துவாங்களா?"

அவர் கேட்டதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. பினாங்கிலிருந்து பாங்காக் வரை போன அத்தனை ஒப்பந்தங்களும் கண் முன்னால் வந்தன. அந்தக் கேள்வியை அப்படியே மலாயில் திரைக்குச் சொன்னேன். வக்கீலம்மா எதையோ எழுதப்போய் பேனாவை மூடி வைத்தார். பிறகு லிம் பக்கம் கணினியை நகர்த்தினார்.

"நீங்களே போடுங்கள்."

லிம்முக்கு அதில் எங்கே நுழைவது என்றே தெரியவில்லை. வக்கீலம்மா காட்டிக்கொடுத்தார். ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்று வந்ததாம். அவர் தன் போனை எடுத்துப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். "வரவில்லையே."

வராது. அவருடைய கணக்கில் இருப்பது என் நம்பர். அதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே புளியமரத்திலிருந்து குரல் வந்தது.

"ஹலோ, ஹலோ. மலேசியா அம்மாவுக்கு ஓடிபி வந்துகீது. எட்டு, மூணு, மூணு, ஒன்னு, பூஜ்யம், ஆறு. இன்னொரு தபா சொல்றேன்..."

லிம் சின்ன வயதிலிருந்து தமிழ் மளிகைக்கடைகளுக்கு அரிசி மூட்டை எண்ணி இறக்கியவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எட்டு, மூணு, மூணு..." என்று முணுமுணுத்தபடி ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். பூஜ்யத்தில் மட்டும் சந்தேகம் வந்து நிமிர்ந்தார். கோவிந்தன் இரண்டாம் முறை சொன்னதும் அதையும் போட்டுவிட்டார்.

பிறகு திரையில் கையெழுத்துப் போட்டார். நீளமாக, வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் ஒரு சுழியோடு. நான் இத்தனை வருடமாக அவருக்காகப் போட்டுவந்த கையெழுத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வக்கீலம்மா அதையும் கவனித்தார்.

"அந்த நிபந்தனையை எடுத்துவிடலாம்" என்றார். "எடுக்காவிட்டால் நான் இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்." அது எஸ்தருக்காகச் சொன்னதா எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பச்சையம்மாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "களத்துல சாம காயுது" என்று எழுந்து போனார். மற்றவர்களும் போனார்கள். எஸ்தர் அட்டைகளை உரியவர்களிடம் கொடுக்க அவர்கள் பின்னாலேயே ஓடினாள். எனக்கு அழுகை வந்தது. வெளியே போய்க் கோவிந்தன் கடையில் போனை வாங்கிக்கொண்டு இரண்டு டீ குடித்தேன்.

இறங்கும்போது பேருந்தில் எஸ்தர் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஞாயித்துக்கெழமையே தெரியும் மேடம்" என்றாள்.

"எது?"

"என்ன எடுக்கத்தான் வந்துகீறீங்கன்னு. ரெண்டாவது தபா கோழி வெச்சப்போ தொடாம எழுந்துட்டீங்க. கொழம்பு நல்லா இல்லாம இருந்தா மொதல் துண்டையே வுட்டிருப்பீங்க."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்." சொல்லிவிட்டுப் பையிலிருந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து ஆளுக்குப் பாதி பிட்டாள். இந்தத் தடவை நான் மிச்சம் வைக்கவில்லை.

ஈப்போ திரும்பியதும் வக்கீலம்மா முதல் வேலையாக லிம்மின் கணக்கில் அவருடைய நம்பரையே மாற்றிப் போட்டார். இனி எந்தக் கையெழுத்தையும் முதலாளி தானேதான் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். லிம் சரி சரி என்றார். அடுத்த ஒப்பந்தம் வந்த அன்று அவருடைய அறைக் கதவு திறந்தது. போனைக் கண்ணுக்கு எட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணக்குப்பிள்ளை, கூரியர்காரர், டீ கொண்டுவந்த பெண் எல்லோரும் கேட்க, ஆறு எண்களையும் தமிழில் கத்திச் சொன்னார், நான் போட்டுக்கொள்ளட்டும் என்று.

நான் போடவில்லை. எழுந்து போய், அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் விரலாலேயே போடவைத்தேன். அன்று மாலை சாமை அனுப்பும் விஷயமாக எஸ்தர் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். அவள் சிரிக்கும்போது பின்னால் கோவிந்தன் யாருக்கோ எண் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"அடுத்த லோடோட மைக் செட்டு ஒன்னும் சேத்து அனுப்பட்டுங்களா மேடம்?" என்றாள்.